மரியாதைக்கு இடம் போதாத பொத்தான்

இல்லீங்க தம்பி, ஜன்னலோரம் நீங்களே உட்காருங்க. நான் காற்று வாங்கப் போகவில்லை, சண்டை போடப் போகிறேன். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் எனக்கு ஒன்றுதான்.

உங்க பையில் அந்தப் பென்குயின் படம் ஒட்டியிருக்கிறதைப் பார்த்துத்தான், இத்தனை சீட்டு காலியாக இருந்தும் இங்கே வந்தேன். அந்தப் பறவை எனக்குத் தெரியும். கட்டற்ற மென்பொருள்காரர்களுடைய பறவை. நீங்களும் இன்றைக்குக் கோயமுத்தூரில் நடக்கிற கூட்டத்துக்குத்தான் போறீங்களோ? இல்லையா? கம்பெனியில் கொடுத்த பையா? சரி, அதுவும் நல்லதுதான். இரண்டு கட்சியிலும் இல்லாத ஆள்தான் நியாயம் சொல்ல முடியும்.

ஏய் கண்டக்டரு, இங்க வா. காந்திபுரம் ஒண்ணு கிழி. என்ன முறைக்கிறே?

பாருங்க, இந்தக் காலத்தில் யாருக்கும் மரியாதையே தெரிவதில்லை. நான் சண்டை போடப் போகிறதும் அதைப் பற்றித்தான்.

என் பெயர் செங்கோடனுங்க. சங்ககிரியில் எடைமேடையில் வேலை. லாரி வந்து மேடைமேல் நிற்கும். நான் கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எடை பார்த்துச் சீட்டு அடித்துக் கொடுப்பேன். 'ஏய் டிரைவர், கீழ எறங்கி நில்லு' என்று மைக்கில் கத்துவேன். அப்படிக் கத்தினால்தான் இறங்குவான். அது தொழில், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. படிப்பு ஆறாம் வகுப்பு. அதற்குமேல் ஏறவில்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் பேசத் தெரியாத குழந்தைகூட 'வாங்க, போங்க' என்றுதான் மழலை பேசும். இல்லை என்பதைக்கூட 'இல்லீங்க' என்போம். சண்டை போட்டால்கூட 'அட சும்மா இருங்க' என்றுதான் ஆரம்பிக்கும்.

என்னை மட்டும் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதலாளி 'டேய் செங்கோடா' என்பார். சரி, வயசில் பெரியவர், போகட்டும். அவர் மகன், நான் தோளில் தூக்கிக்கொண்டு திருவிழா காட்டின பையன், அவனும் 'செங்கோடா, சீட்டு எடு' என்பான். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒரு பெட்டி சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எங்கள் கம்ப்யூட்டருக்கு வைரஸ் பிடித்துவிட்டது. ஈரோட்டிலிருந்து இன்பராஜ் என்று ஒருத்தர் வந்து பழசையெல்லாம் வழித்து எடுத்துவிட்டு, காசு வாங்காமல் கொடுக்கிற கட்டற்ற மென்பொருள் போட்டார். 'அண்ணா, இனி எல்லாம் தமிழ்லயே வருமுங்க' என்றார். சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் காலையில் பெட்டியைப் போட்டேன். திரையில் என்ன வந்தது தெரியுங்களா? 'கடவுச்சொல்லை உள்ளிடு.'

உள்ளிடு! உள்ளிடுங்க இல்லை, உள்ளிடவும் இல்லை. உள்ளிடு. நேற்று வந்த பெட்டி! சரி, உள்ளே போய்ப் பார்ப்போம் என்று போனால் அங்கே இன்னும் மோசம். 'திற.' 'மூடு.' 'சேமி.' 'காத்திரு.' கடைசியில் ஒரு மூலையில் 'வெளியேறு.' என் அறையை விட்டு என்னையே வெளியே போகச் சொல்கிறது! இன்பராஜுக்குப் போன் போட்டுக் கத்தினேன்.

'அண்ணா, கோவிச்சுக்காதீங்க. அதைக் கம்பெனிக்காரன் எழுதலீங்க. நம்மளாட்டம் ஆளுங்கதான் சம்பளம் வாங்காம மொழிபெயர்த்துக் குடுக்கறாங்க. தப்புன்னு தோணினா நீங்களே போய் மாத்தலாமுங்க. இதுல அதுதான் சுதந்திரமே' என்றார்.

அந்த ஒரு வார்த்தைதான் தம்பி. நீங்களே மாற்றலாம். என்னிடம் இதுவரைக்கும் யாரும் அப்படிச் சொன்னதில்லை. அன்றைக்கே அவர்கள் இணையக் குழுவில் சேர்ந்தேன்.

குழுவுக்குத் தலைமை ஜெனிபா என்று ஒரு பொண்ணு. தூத்துக்குடிக்காரி, மெட்ராஸில் வேலை. எந்த மொழிபெயர்ப்பும் அவள் பார்த்து ஒப்புதல் கொடுத்தால்தான் உள்ளே போகும். நான் முதல் நாளே எழுதினேன்: 'மெஷினுக்கு மரியாதை கற்றுக் கொடுங்கள்.' எல்லாரும் 'வாங்க ஐயா, வணக்கம் ஐயா' என்றார்கள். லாரி வராத நேரமெல்லாம் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். எழுத்துப் பிழையெல்லாம் பார்த்துத் திருத்தினேன். மெச்சிப் போய் எனக்கும் ஒப்புதல் கொடுக்கிற அதிகாரம் கொடுத்தாள். கொடுத்தது அவள்தான், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

அப்புறம்தான் வினை. 'திற' என்று இருக்கிற இடத்தில் எல்லாம் 'திறக்கவும்' என்று போடலாம் என்றேன். பற்றிக்கொண்டது. செங்கல்பட்டுப் பக்கம் ஒருத்தன், நிஜப் பேர் யாருக்கும் தெரியாது, 'கணினிக் காதலன்' என்று வைத்துக்கொண்டிருக்கிறான். அவன் எழுதினான்: 'திறக்கவும் என்று உம் போட்டால் ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி இருக்கும். செங்கோடன் ஐயாவுக்குப் பொத்தான் எழுந்து நின்று கும்பிட வேண்டும் போலிருக்கிறது.' அதோடு விடவில்லை. திரை அகலத்துக்கு ஒரு பொத்தான் வரைந்து போட்டான். அதில், 'மாண்புமிகு ஐயா அவர்களே, தாங்கள் மனமிரங்கி இந்தக் கோப்பினைத் திறந்தருள வேண்டுகிறோம்.' எல்லாரும் சிரிப்புப் பொம்மையாகப் போட்டுத் தள்ளினார்கள். நான் பார்த்தேன். 'நன்றாகத்தான் இருக்கிறது, இதையே வைத்துக்கொள்ளலாம்' என்று பதில் போட்டேன். அதற்கும் சிரித்தார்கள். எதற்கென்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது.

சண்டை பெரிதானது. உம் கட்சி, வெறும் 'திற' போதும் என்கிற வேர்ச்சொல் கட்சி என்று இரண்டாகப் பிரிந்துவிட்டது. கனடாவிலிருந்து ஒருத்தர், துபாயிலிருந்து ஒருத்தர் எல்லாம் வந்து கலந்துகொண்டார்கள். என் பக்கம் காரைக்குடி ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர் ஒருத்தர் மட்டும் உறுதியாக நின்றார். மற்றவர்கள் 'ஐயா சொல்வது சரி' என்று எழுதுவார்கள், அப்புறம் ஆளைக் காணோம்.

ஜெனிபா பொறுமையாக ஒரு விளக்கம் எழுதினாள். 'ஐயா, பொத்தானில் இருக்கும் வார்த்தை மெஷின் உங்களுக்குச் சொல்வது இல்லை. நீங்கள் மெஷினுக்குச் சொல்வது. நீங்கள் அழுத்தும்போது, ஏ பெட்டியே, திற என்று கட்டளை போடுகிறீர்கள். எஜமான் நீங்கள்தான்.'

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? அப்படித்தான் எல்லாரும் விழுந்தார்கள். நான் விழவில்லை. 'அப்படியென்றால் பெட்டிக்கு மரியாதை வேண்டாமா? சொன்ன வேலையைச் செய்கிறவன் என்றால் வாடா போடா என்று கூப்பிடலாமா? அப்படிக் கூப்பிடுகிறவன் நான் இல்லை' என்று எழுதினேன். கணினிக் காதலன் ஒரு கும்பிடு பொம்மை போட்டான்.

டிசம்பர் மாதம் ஜெனிபா கிறிஸ்துமஸுக்கு ஒரு மாத லீவு போட்டு ஊருக்குப் போய்விட்டாள். நான் சும்மா இருக்கவில்லை. கோப்பு அழிக்கிற இடம், மூடுகிற இடம், இப்படிக் கேள்வி கேட்கிற இடத்தில் எல்லாம் புகுந்து பொத்தான்களை மாற்றிவிட்டேன். என்னிடம் அதிகாரம் இருந்தது, நானே ஒப்புதலும் கொடுத்துக்கொண்டேன். திருட்டுத்தனம் என்று அப்புறம் எழுதினார்கள். எப்படித் திருட்டு ஆகும்? பட்டப்பகலில், என் பெயரைப் போட்டுச் செய்தேன். வேண்டாம் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்கிற ஆள் ஊரில் இல்லை, அவ்வளவுதான்.

மரியாதை செய்கிறதென்றால் முழுசாகச் செய்ய வேண்டும், இல்லீங்களா? அதனால் 'நீக்கு' என்று இருந்ததைத் 'தயவுசெய்து நீக்கவும்' என்று ஆக்கினேன். பக்கத்தில் 'வேண்டாம்' என்று இருந்ததைத் 'தயவுசெய்து நீக்க வேண்டாம்' என்று ஆக்கினேன். புது வருசத்தில் அது எல்லார் கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேர்ந்தது.

பொத்தான் சின்னதுங்க. உள்ளே எழுத்துப் பிடிக்கவில்லை. இடம் இல்லாவிட்டால் பாதியில் வெட்டிவிட்டுப் புள்ளி வைத்துவிடுமாம். எனக்கு யார் சொன்னார்கள்? இரண்டு பொத்தானிலும் 'தயவுசெய்து…' என்று மட்டும் வந்துவிட்டது. இந்தப் பக்கமும் 'தயவுசெய்து…' அந்தப் பக்கமும் 'தயவுசெய்து…'

கோபிசெட்டிபாளையம் பக்கம் சுகுணா என்று ஒரு டீச்சர். பள்ளிக்கூடத்து விழாவில் எடுத்த படம், பிள்ளைகள் பாடின பாட்டு எல்லாம் ஒரே இடத்தில் வைத்திருந்தார்களாம். அழிக்கட்டுமா என்று பெட்டி கேட்டிருக்கிறது. அந்தம்மா ஒரு 'தயவுசெய்து…'வை அழுத்தியிருக்கிறார்கள். எல்லாம் போய்விட்டது. அதில் பாடின ஒரு பையன் விழாவுக்கு அப்புறம் இறந்துவிட்டானாம். அவன் அம்மா அந்தப் பாட்டைத்தான் கேட்டு வந்து நின்றார்களாம். டீச்சர் குழுவில் வந்து எழுதினார்கள்.

எனக்கும் படித்தபோது ஒரு மாதிரிதான் இருந்தது. இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஒரு நியாயம் இருக்கிறதில்லையா? இரண்டு பொத்தானும் தயவுசெய்து தயவுசெய்து என்று கெஞ்சுகிறதே, கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டாமா? அதைத்தான் எழுதினேன். அவ்வளவுதான், பாய்ந்துவிட்டார்கள். கனடாக்காரர், துபாய்க்காரர், முன்னே பின்னே பேசாத ஆளெல்லாம். நான் அசரவில்லை. 'மரியாதைக்கு இடம் போதாத பொத்தானைச் செய்தது யார்? அவரைப் போய்க் கேளுங்கள்' என்றேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஊரிலிருந்து பாதியில் திரும்பி வந்து ஜெனிபா எல்லாவற்றையும் பழையபடி மாற்றினாள். என் அதிகாரத்தையும் எடுத்துவிட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. 'நீ சின்னப் பொண்ணு. உனக்கு என்ன தெரியும்? உன் வயசுக்கு நீ என்னைத் திருத்த வந்துவிட்டாயா?' என்று எழுதினேன்.

உடனே கணினிக் காதலன் வந்தான். 'ஐயா, பெட்டி உங்களை நீங்க என்று கூப்பிட வேண்டும். நீங்க ஜெனிபாவை நீ என்று கூப்பிடுவீங்க. அப்படித்தானே?'

அது வேறங்க. அவள் மகள் மாதிரி. மகளை யாராவது நீங்க என்பார்களா? இந்த வித்தியாசம்கூடத் தெரியாதவனெல்லாம் மொழிபெயர்க்க வந்துவிட்டான்.

குழுவுக்கு நடத்தை விதி என்று ஒன்று உண்டாம். அதைக் காட்டி, ஒரு மாதம் நான் எதுவும் எழுத முடியாதபடி செய்துவிட்டார்கள். படிக்கலாம், பேசக் கூடாது. கட்டற்ற மென்பொருள் என்று பெயர் வைத்துவிட்டு எனக்கு வாய்க்கட்டு போட்டார்கள் தம்பி! உலகத்தில் எங்காவது நடக்குமா?

இன்பராஜிடம் சொல்லிப் புலம்பினேன். 'அண்ணா, ஒத்து வரலைன்னா அந்த மென்பொருளையே ஒரு காப்பி எடுத்துக்கிட்டுத் தனியாப் பிரிஞ்சு போலாமுங்க. யாரும் தடுக்க முடியாது' என்றார். நமக்குத் தெரியாததா? தனிக்குடித்தனம். சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவில் அடுப்பு மூட்டுகிறது. அவரையே விட்டு ஒரு காப்பி எடுக்கச் சொல்லி, 'மரியாதைப் பதிப்பு' என்று பெயர் வைத்தேன். திறக்கவும், மூடவும், சேமிக்கவும், எல்லாம் என் இஷ்டம். தயவுசெய்து மட்டும் எடுத்துவிட்டேன். யாருக்கும் பயந்து இல்லை. இடம் மிச்சம் ஆகட்டும் என்று.

ஆனால் தனிக்குடித்தனத்தில் பேச்சுத் துணைக்கு ஆள் இல்லைங்க. எங்கள் எடைமேடையில் மட்டும்தான் அது ஓடியது. போஸ்ட்மாஸ்டருக்கு எப்படிப் போடுவதென்று தெரியவில்லை. அவர் பேத்தி மாட்டேன் என்றுவிட்டதாம். நான் பாட்டுக்கு மாற்றுவேன், நான் பாட்டுக்கு ஒப்புதல் கொடுப்பேன். தப்பு என்று சொல்லக்கூட ஒரு நாதி இல்லை. அந்தக் குழுவில் என்ன சண்டை நடக்கிறது என்று தினமும் போய்ப் படித்துவிட்டு வருவேன். கை துறுதுறு என்று இருக்கும்.

போன வாரம் போன் வந்தது. மேடைமேல் ஜல்லி லாரி நிற்கிறது.

'ஐயா, நான் ஜெனிபா பேசுதேன்.'

குரலைக் கேட்டால் சின்னப் பொண்ணு மாதிரி இல்லை. 'நீயா? என்ன வேணும்?' என்றேன்.

'எனக்கு ஐம்பத்தொரு வயசு ஐயா. என் மகளே காலேஜ் படிக்கா. அதையும் சொல்லிரணும்னு நெனச்சேன்.'

'இருக்கட்டும். அப்பவும் என்னைவிடச் சின்னவதானே நீ' என்றேன். விடுவேனா?

சிரித்தாள். சிரித்துவிட்டுச் சொன்னாள். 'நீங்க கத்தினதுல ஒரு நியாயம் இருக்கு ஐயா. கடவுச்சொல்லை உள்ளிடு, காத்திருன்னு மெஷின் நம்மகிட்டப் பேசுத இடம் எல்லாத்தையும் நான் உள்ளிடுங்கள், காத்திருங்கள்னு மாத்திட்டேன். அடுத்த வெளியீட்டுல வருது. பொத்தானை மட்டும் விட்ருங்க. அது நாம மெஷின்கிட்டச் சொல்லுதது.'

'முடியாது. மாத்தினா எல்லாத்தையும் மாத்து' என்றேன்.

'அப்போ சனிக்கிழமை கோயமுத்தூர்ல கூட்டம். பொத்தான் விஷயத்தை அங்க வச்சு முடிவு பண்ணுதோம். கை தூக்கி எண்ணிட்டா அப்புறம் மாத்த முடியாது. வந்து பேசுங்க. உங்க தடையும் அன்னைக்கோட முடிஞ்சுரும். ஆனா கூட்டத்துக்கு ஒரு விதி இருக்கு. யாரையும் ஒருமையில கூப்பிடக் கூடாது. கூப்பிட்டா அந்த இடத்துலயே உக்காந்துரணும், மேற்கொண்டு பேச முடியாது.'

'எனக்குன்னே போட்ட விதியா இது?'

'நீங்க கேட்ட விதிதான் ஐயா. மெஷினுக்குக் கேட்டீங்க, மனுசங்களுக்கும் சேத்துப் போட்டுட்டோம்.'

எப்படி மடக்குகிறாள் பாருங்க. எனக்குச் சுருக்கென்றது. வெளியே லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். 'வர்றேன் போ' என்று வைத்துவிட்டேன்.

நானா பயப்படுகிற ஆள்? ஆனால் ஒன்று, நாக்கு பழக வேண்டும். என்ன பேச வேண்டும் என்பது மனப்பாடம். யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறோம் என்பதில்தான் சறுக்குகிறது. வீட்டிலேயே பழகிப் பார்க்கலாம் என்று என் சம்சாரத்தைக் கூப்பிட்டேன். அவள் பெயர் பாவாயி. அடுப்படியில் இருந்தாள். 'பாவாயி, நீங்க கொஞ்சம் தண்ணி கொண்டாங்க' என்றேன்.

பாத்திரச் சத்தம் நின்றுபோய்விட்டது. ஈரக் கையோடு வந்து என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். 'காய்ச்சல் ஒண்ணும் இல்லீங்களே மாமா' என்கிறாள்.

'ஒண்ணும் இல்ல, கூட்டத்துக்குப் பழகறேன், போ' என்றேன்.

போகவில்லை. அங்கேயே நிலைப்படியில் நின்றுகொண்டு, 'இன்னொருக்காச் சொல்லுங்க மாமா' என்கிறாள்.

'உனக்கு வேற வேலை இல்லையா?' என்று ஒரு சத்தம் போட்டேன். அப்புறம்தான் உள்ளே போனாள். பொம்பளைகளுக்கு எல்லாமே விளையாட்டு. என் மானப் பிரச்சினை என்னவென்று அவளுக்கு எங்கே தெரியப் போகிறது?

அவிநாசி தாண்டிவிட்டதுங்களா? அதற்குள்ளேயா?

தம்பி, ஒரு உதவி. கொஞ்ச நேரம் நீங்க ஜெனிபாவாக இருங்க. ஒன்றும் பேச வேண்டாம். என்னைப் பார்த்து உட்கார்ந்தால் போதும். சிரிக்காதீங்க.

'இத பாரு ஜெனிபா…'

இல்லை, இருங்க.

'ஜெனிபா, நீ சொல்ற…'

என்ன நாக்குங்க இது! முன்னே பின்னே தெரியாத உங்களிடம் தானாக வருகிறது. இத்தனை நாள் மல்லுக்கட்டின ஆளிடம் வரமாட்டேன் என்கிறது. இப்போது நான் கூட்டத்தில் இருந்தால் இரண்டு தடவை உட்கார்ந்திருப்பேன். பொத்தானும் போயிருக்கும், நானும் போயிருப்பேன். 'ங்க' என்கிற ஒரு சொட்டு எழுத்துக்குச் செங்கோடன் உட்கார்ந்துவிட்டான் என்று கணினிக் காதலன் அதற்கும் ஒரு படம் வரைவான். நடக்கவிட மாட்டேன்.

கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க தம்பி.

'ஜெனிபா, வணக்கமுங்க. நான் செங்கோடன். நீங்க லீவுல ஊருக்குப் போயிட்டு, பாதியில எந்திரிச்சு வந்தீங்க. நான் மாத்தினதை ஒண்ணொண்ணா நீங்களே உக்காந்து எடுத்தீங்க. அப்புறம் நான் கேட்டதுல பாதியையும் நீங்களே மாத்திக் குடுத்தீங்க. எல்லாம் எனக்குத் தெரியுமுங்க. ஆனாலும் நீங்க சொல்றது தப்புங்க. பொத்தானையும் மாத்துங்க. இடம் பத்தலைன்னா பொத்தானைப் பெருசாச் செய்யச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் உக்கார மாட்டேனுங்க.'

வந்துவிட்டது! பார்த்தீங்களா, ஒரு இடத்தில்கூடத் தட்டவில்லை. இனி அவங்க என்னை எப்படி உட்காரச் சொல்வாங்க? அவங்க போட்ட விதியை வைத்தே அவங்க முன்னால் நிற்கப் போகிறேன். கை தூக்கி எண்ணட்டும். தோற்றாலும் நின்றுகொண்டுதான் தோற்பேன்.

காந்திபுரம் வந்துவிட்டது போலிருக்கிறது. நான் முதலில் இறங்குகிறேன் தம்பி, பொறுத்துக்குங்க. மணி ஆகிவிட்டது, அவங்க இந்நேரம் வந்து உட்கார்ந்திருப்பாங்க. சண்டைக்குக் கூப்பிட்டவங்களைக் காக்க வைக்கிறது மரியாதை இல்லீங்க.